அட்வான்ஸ் வேறு, டெபாசிட் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில், ஒரு மலையூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்த அன்பர், தான் கட்டிய 5,000 ரூபாய் டெபாசிட் திரும்பி வராத கதையை எழுதியிருந்தார். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு இது ஒரு பக்க வருமானம் ஆகிவிட்டது என்று முடித்திருந்தார். காரைக்குடிப் பக்கத்தில் அப்படியொரு ஹோம்ஸ்டே நடத்துகிறவள் நான். மூன்றே அறை. படித்ததும் கோபம் வந்தது. காப்பி குடித்துவிட்டு இரண்டாம் முறை படித்தேன். அவர் சொன்னதில் பாதி என் தலையிலும் விழுந்தது. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுன்டர். ஓய்வுபெற்றபின், மாமனார் வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த பகுதியைப் பூட்டி வைத்தால் கரையான்தான் குடியேறும் என்று 2019-ல் விருந்தினர்களுக்குத் திறந்துவிட்டோம். படத்தில் பார்க்கும் அரண்மனை வீடு இல்லை. ஒரு முகப்பு, நடுவில் முற்றம், அதைச் சுற்றி வளவு என்று நாங்கள் சொல்லும் உள்கட்டு, அறைகள். தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல், எண்பது வருடத்துக்கு மேல் பழசு.

அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். அது சூளையில் சுட்ட டைல் இல்லை. கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். மேலே தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்க மெருகு கூடும், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தால் இன்னும் கூடும். ஆனால் புளிப்பு மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. எலுமிச்சைச் சாறோ கோலாவோ கொஞ்ச நேரம் தேங்கினால் தடம் விழும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பட்டால் தொலைந்தது.

பொங்கல் முடிந்த வாரம், ஆறு பேர் என்று சொல்லி மூன்று அறையும் எடுத்தார்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகள், மரியாதையானவர்கள். இரவு 12 மணிக்கு ஒருவருக்குப் பிறந்தநாள். கேக்கோடு மதுரையிலிருந்து நண்பர்கள் வந்து சேர, ஆறு பதினொன்றானது. முற்றத்தை ஒட்டிய தரையில் கேக் விழுந்தது, மேலே கோலாவும் கொட்டியது. அத்தோடு விட்டிருந்தால் காலையில் ஈரத்துணியால் துடைத்திருப்போம், லேசாகத் தடம் இருந்திருக்கும், அவ்வளவுதான். அதில் ஒரு தம்பிக்குப் பொறுப்பு அதிகம். எங்களுக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று குளியலறையில் இருந்த நீலப் பாட்டிலை எடுத்துவந்து, தாராளமாக ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். காலையில் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, நாங்களே க்ளீன் பண்ணிட்டோம்" என்று வேறு சொன்னார்.

ஒன்பது மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்கியது. அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது கல். நடுவில் இருந்த சிவப்புப் பூ, செங்கல் பொடி நிறத்துக்கு வெளுத்திருந்தது. கறுப்புக் கரை சாம்பலாகியிருந்தது. குனிந்து உள்ளங்கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பக்கத்துக் கல்லில் கை வைத்தால் வழுக்குகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆச்சி, கல்லு செத்துப்போச்சு" என்றார்.

இப்போது என் தவறுகளைச் சொல்கிறேன். முதல் தவறு, அந்தப் பாட்டில் என்னுடையது. அப்படியொரு தரை இருக்கிற வீட்டில் ஆசிட்டை விருந்தினர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது நான். "தரையில் ஊற்றாதீர்கள்" என்று ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. இரண்டாவது தவறு இன்னும் பெரியது. வாடகை, ஓர் அறைக்கு இரவுக்கு 3,500. மூன்று அறை, இரண்டு இரவு, ஆக 21,000. முன்பதிவின்போது நான் அனுப்பிய வாட்ஸ்அப்பில் "அட்வான்ஸ் 5,000 அனுப்பவும்" என்று எழுதியிருந்தேன். அனுப்பினார்கள். வந்த அன்று 16,000 கொடுத்தார்கள். மீதி 5,000 கிளம்பும்போது தருவார்கள் என்று நான் இருந்தேன். எல்லாம் தீர்ந்தது என்று அவர்கள் இருந்தார்கள்.

நம் ஊரில் அட்வான்ஸ் என்ற ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. வீடு வாடகைக்கு எடுக்கும்போது அட்வான்ஸ் என்றால், காலி செய்யும்போது திரும்பி வருகிற பணம். மண்டபத்துக்கோ வேனுக்கோ அட்வான்ஸ் என்றால், மொத்தத்தில் கழிகிற பணம். நான் முதல் பொருளில் எழுதினேன், அவர்கள் இரண்டாம் பொருளில் படித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தானே? மூன்று அறைக்கு அட்வான்ஸ் என்றால் வேறு யார் என்ன நினைப்பார்கள்? ஆக, என் கையில் டெபாசிட் என்று ஒரு பைசாவும் இல்லை. இத்தனை வருடம் சேமிப்புக் கணக்கு வேறு, நடப்புக் கணக்கு வேறு என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள், சொந்த வீட்டில் தலைப்பை மாற்றி எழுதிவிட்டேன்.

திண்ணையில் அரை மணி நேரம் பேச்சு. கல்லைப் பற்றி ஐந்து நிமிடம், அந்தச் சொல்லைப் பற்றி இருபத்தைந்து நிமிடம். கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு 5,000 அனுப்பிவிட்டுப் போனார்கள். போகும்போது அந்தத் தம்பி மட்டும் அந்தக் கற்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆத்தங்குடிக்கே போய்க் கல் வாங்கினேன். ஒன்பது போதும், கைக்காவலாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு வாங்கினேன், ஒன்று 45 ரூபாய். கொத்தனார் 1,200, சித்தாள் 700, சிமென்ட், மணல் 150, கல் கொண்டுவந்த ஆட்டோ 400. மொத்தம் 2,990. ஆனால் மூன்று கல் எனக்குத்தானே மிச்சம்? அதை அவர்கள் தலையில் கட்டக்கூடாது. 135 கழித்தால் 2,855. மீதி 2,145.

அந்த 2,145 நான்கு நாள் என் கணக்கில் கிடந்தது. மனசுக்குள் ஆயிரம் காரணம். எண்பது வருட மெருகுக்கு விலை உண்டா? புதுக்கல் ஒன்பதும், ஒரு வரிசைப் பல்லை மட்டும் புதிதாகக் கட்டினது மாதிரிப் பளீரென்று தெரிகிறதே? ஐந்து பேர் கூடுதலாகத் தங்கினார்களே? எல்லாம் உண்மை. ஆனால் இதில் எதையும் நான் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. கவுன்டரில் இருந்தபோது மாலையில் பத்து ரூபாய் கூடுதலாக இருந்தாலும், அது என்னுடையது என்று ஒருநாளும் பையில் போட்டதில்லை. யாருடையது என்று தெரியும்வரை தனிக் கணக்கில்தான் வைப்போம். ஐந்தாம் நாள் பில் படங்களோடு 2,145 திருப்பி அனுப்பினேன். "நன்றி ஆன்ட்டி, சாரி" என்று பதில் வந்தது. பாட்டில் என்னுடையது என்பதால் கூலியில் பாதியை நான் ஏற்றிருக்க வேண்டும் என்று என் மகள் இன்றும் சொல்கிறாள். இருக்கலாம்.

அவளுக்கும் ஒரு கதை உண்டு. பிள்ளைகளோடு ஒரு மலையூரில் வாடகை பங்களாவில் தங்கியபோது, டிவி திரையில் கீறல் என்று டெபாசிட்டில் 4,000 பிடித்துக்கொண்டார்கள். போன அன்று பேரன் டிவி முன்னால் ஆடுவதை எடுத்த வீடியோ அவள் போனில் இருந்தது. அதில் அந்தக் கீறலும் இருந்தது! அனுப்பியதும் பணம் வந்துவிட்டது, ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லாமல். பேரன் அன்றைக்கு ஆடாமல் இருந்திருந்தால்?

இதெல்லாம் ஏதோ புதுக்காலப் பிரச்சினை என்று நினைத்தேன். பரணில் இருந்து மாமியாரின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தபோது எண்ணம் மாறியது. எங்கள் பக்கத்து வீடுகளில் அண்டா, குண்டா எல்லாவற்றிலும் வீட்டுப் பெயரின் முதலெழுத்துகளை வெட்டி வைத்திருப்பார்கள். கல்யாணம், காது குத்து என்றால் ஊரில் இரவல் கேட்டு வருவார்கள். மாமியார் ஒவ்வொன்றையும் எடுத்துக் கூடத்தில் வைத்து, வாங்க வந்தவர் முன்னாலேயே எழுதுவார். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "பெரிய அண்டா 1, மூடியுடன். விளிம்பில் ஒரு நெளிவு, பழையது. ஜமக்காளம் 2, ஒன்றில் ஓரம் பிரிந்தது. குத்துவிளக்கு 1 சோடி, குறையில்லை." திரும்பி வந்ததும் எதிரில் ஒரு டிக். "நெளிவு, பழையது" என்ற அந்த இரண்டு சொல்லைப் பாருங்கள். அதை எழுதியதால் இரவல் வாங்கியவர் மேல் வீண்பழி வராது. "குறையில்லை" என்று எழுதியதால் கொடுத்தவருக்கும் நட்டம் வராது. என் மகள் வீடியோவில் தற்செயலாகக் கிடைத்ததை, மாமியார் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

வாடகைப் பாத்திரக் கடைகளில் இன்றைக்கும் இதுதானே நடக்கிறது? நாற்காலி உடைந்தால் இவ்வளவு, கரண்டி காணாமல் போனால் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். கல்யாண வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டுப் போவார். ஏமாற்றிவிட்டான் என்று பத்திரிகைக்கு எழுத மாட்டார்.

நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முன்பதிவுப் பணத்துக்கு "வாடகையில் கழியும்" என்றும், டெபாசிட்டுக்கு "சேதம் இல்லையென்றால் முழுதாகத் திரும்பும்" என்றும் தனித்தனியாக எழுதி அனுப்புகிறேன். டெபாசிட்டை 3,000 ஆகக் குறைத்து, வீட்டுச் செலவோடு கலக்காத வேறு கணக்கில் வாங்குகிறேன். வந்தவுடன் விருந்தினரோடு ஒரு சுற்று நடக்கிறேன், ஐந்து நிமிட வீடியோ, அவர் போனிலேயே எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பச் சொல்கிறேன். பழைய நெளிவுகளை நானே காட்டிவிடுகிறேன். இரண்டாம் அறைக் கண்ணாடியில் ரசம் போன இடம், கதவில் உளி பட்ட தழும்பு என்று. கிளம்பும்போதும் அதே சுற்று. சேதம் இல்லையென்றால் அவர்கள் பெட்டியைக் காரில் ஏற்றுவதற்குள் பணம் போய்விடும். சேதம் இருந்தால் பில்லோடு மூன்று நாளில் கணக்கு.

விலைப்பட்டியல் அறைக் கதவின் உள்பக்கம் தொங்குகிறது. சாவி 300, துண்டு 250. கண்ணாடி டம்ளர் இரண்டுவரை கணக்கில்லை, கை தவறுவது மனித சுபாவம். பல்பு போனால், குழாய் வாஷர் தேய்ந்தால், மின்விசிறி நின்றால் என் செலவு, அது தேய்மானம். ஆறு வருடம் உழைத்த மெத்தையில் காப்பி கொட்டினால் புது மெத்தை விலை கேட்பதும் சரியில்லை, உழைத்த வருடத்தைக் கழிக்கத்தானே வேண்டும். துண்டில் தலைச்சாயம், மருதாணி கறைதான் அதிகம். அதற்குத் திட்டுவதை விட்டுவிட்டு அடர் நிறத்தில் ஒரு துண்டைத் தனியாக வைத்தேன், அந்தப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆசிட் பாட்டில் பூட்டிய அலமாரிக்குப் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் உறவினர் ஒருவரை வைத்துக்கொண்டு பார்த்தேன். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். அதாவது "கறை பட்டால் 5,000" என்று சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் 5,000 எனக்குச் சொந்தமாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்குத் தருகிற விளக்கத்தில் முதலாவதாகவே அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதைத்தான் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம்கூட, டெபாசிட்டை வாடகையாகக் கழித்துக்கொள்ளாதவரை அதை விற்பனைப் பணமாகப் பார்ப்பதில்லை. எல்லாச் சட்டமும் ஒரே பக்கம்தான் நிற்கிறது: அது விருந்தினரின் பணம், என் பொறுப்பில் இருக்கிறது.

போன வாரம் எழுதிய அன்பருக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லுங்கள். நகரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், மலையேற வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், எடுத்த படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்களுக்கு அந்த வழி கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விருந்தினர் சேதம் செய்துவிட்டுப் போனால் நாங்கள் நுகர்வோர் இல்லை, உரிமையியல் நீதிமன்றம்தான். மூவாயிரத்துக்கு யார் அங்கே போவார்கள்?

ஆன்லைன் முன்பதிவுத் தளங்கள் இதைத் தீர்த்துவிட்டன என்று சிலர் சொல்வார்கள். நான் பதிந்திருக்கும் ஒரு தளத்தில் தனியாக டெபாசிட் வாங்கக்கூடாது, சேதம் வந்தால் தளமே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். கிளம்பிய 14 நாளுக்குள் படம், பில்லோடு கேட்க வேண்டும். ஒருமுறை உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கேட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு வாரம் அலைந்து அதே மாதிரி ஒன்றைப் பிடித்து, பில்லும் அனுப்பினேன். உடைவதற்கு முந்தைய படம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதில் தளத்தின் மேல் எனக்குப் பெரிய வருத்தமில்லை, "குறையில்லை" என்று எழுதி வைக்காதது நான்தான். ஆனால் ஆங்கிலத்தில் வந்த அந்த ஒன்பது மின்னஞ்சல்களைப் படித்துப் பதில் எழுத, என்னைப் போல வங்கியில் குப்பை கொட்டாத ஓர் ஆச்சியால் முடியுமா?

மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்கு நம் மாநிலத்தில் 2017-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்ப வேண்டும். ஓர் இரவு, இரண்டு இரவு தங்குகிறவருக்கு இப்படி எழுதிவைத்த உச்சவரம்பும் இல்லை, கெடுவும் இல்லை. ஆனால் எங்களுக்கு விதியே கிடையாது என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். பாஸ்போர்ட் எண்ணை ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டுகிறவள் நான். அந்த ஒழுங்கில் கால்வாசி டெபாசிட்டுக்கு இருந்தால் போதும். சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களைப் பதிவு செய்யும்போதே, டெபாசிட் ஓர் இரவு வாடகைக்கு மேல் போகக்கூடாது, இத்தனை நாளில் திருப்ப வேண்டும், பிடித்தால் பில் காட்ட வேண்டும், சேத விலைப்பட்டியல் தமிழிலும் தொங்க வேண்டும் என்று நிபந்தனை போடட்டும்.

பணத்தை வாங்காமலே டெபாசிட் வைக்கவும் வழி உண்டு. ஐபிஓவுக்கு, அதாவது ஒரு கம்பெனி முதன்முதலாக வெளியிடும் பங்குக்கு, விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும், பணம் நம் கணக்கிலேயே நிற்கும், தொட மட்டும் முடியாது. பங்கு கிடைத்தால் போகும், இல்லையென்றால் விடுபடும். யுபிஐயில் ஒருமுறை மட்டும் நிறுத்தி வைக்கும் இந்த வசதி 2018-லேயே வந்துவிட்டது. முன்பதிவுத் தளங்கள் இதை எங்களைப் போன்ற சிறு வீடுகளுக்கும் கொடுத்தால், திருப்பித் தரவில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

விருந்தினர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறு பேர் என்றால் ஆறு பேராக வாருங்கள். பதினொன்று என்றால் பதினொன்று என்று சொல்லுங்கள், பாய் போட்டுத் தருகிறேன், இட்லிக்கு மாவும் அதற்குத் தகுந்தாற்போல் ஆட்டி வைக்கிறேன். எதாவது கொட்டினால் ராத்திரி ஒரு மணி என்றாலும் கதவைத் தட்டுங்கள். தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள்.

இவ்வளவையும் போட இடமில்லையென்றால் மாமியார் நோட்டுப் பகுதியை மட்டுமாவது போடுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம். ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி அருகே.